முழங்கை மூட்டு மாற்று: 2 கிலோ கட்டுப்பாடு எதற்கு?

கேள்வி:
72 வயது நோயாளி. விழுந்ததில் மேற்கை எலும்பின் கீழ்முனை பல துண்டாகிவிட்டது, எலும்பும் மெலிந்தது. பிளேட் போடுவதா, நேரே மூட்டு மாற்றா? மூட்டு மாற்றினால் ஆயுசுக்கும் 2 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்கிறார்களே, முழங்கால் மூட்டுக்கு இல்லாத கெடுபிடி இதற்கு மட்டும் ஏன்?

பதில் 1:
கை எடை தாங்காத மூட்டு என்று நினைப்பதுதான் தப்பு. பைசெப்ஸ் (மேற்கையின் முன்தசை) மூட்டிலிருந்து 4-5 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கிறது; உள்ளங்கையோ 30 செ.மீ.க்கு அப்பால். கையில் 1 கிலோ என்றால் தசை ஆறேழு மடங்கு இழுக்கும், அந்த அழுத்தம் முழுக்க ஒல்லியான ஸ்டெம்மில் (எலும்புக்குள் செருகும் தண்டு) இறங்கும். 1970-களின் விறைப்பான கீல் வகைச் செயற்கை மூட்டுகள், எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட்டிலிருந்து கழன்றதும் இதனால்தான். பின்னால் வந்த கூன்ராட்-மோரே வகைக் கீலில் பக்கவாட்டில் 7 டிகிரி வரை ஆட்டம் விட்டார்கள்; முறுக்கலில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள தசை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் திரும்பத் திரும்பத் தூக்குவதற்கு 2.3 கிலோ, எப்போதாவது ஒரு முறைக்கு 4.5 கிலோ என்பதே வழக்கமான வரம்பு. நிறைகுடமெல்லாம் கணக்கிலேயே வராது.

பதில் 2:
பிளேட்டா மாற்றா என்பதற்கு: பிளேட் உறுதியாக நின்று சீக்கிரம் மடக்கி நீட்ட முடியும் என்றால் பிளேட்தான். 2009-ல் வெளியான கனடா ஒப்பீட்டில் (65 வயதுக்கு மேற்பட்டவர்கள்) பிளேட் பிரிவில் சேர்க்கப்பட்ட ஐந்து பேருக்கு ஆபரேஷன் மேசையிலேயே மூட்டு மாற்றுக்குப் போக வேண்டி வந்தது. துண்டுகள் பிடிமானம் தரவில்லை.

இந்த மாதிரி முறிவில் ஒரு வசதி உண்டு. நொறுங்கிய துண்டுகளை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும், ட்ரைசெப்ஸை (கையை நீட்டும் பின்தசை) எலும்பிலிருந்து பிரிக்கவே வேண்டாம். செயற்கை மூட்டின் இரண்டு பாகமும் கீலால் இணைந்திருப்பதால் பக்கத் தசைநார்கள் போனாலும் மூட்டு நிலைக்கும். பிரித்துத் தைத்த ட்ரைசெப்ஸ் விட்டுப்போனால் தலைக்கு மேல் கையை நீட்டவோ கதவைத் தள்ளவோ வலு இருக்காது. என் கணக்கில் உலோகத்தை விட, ட்ரைசெப்ஸைப் பிரிக்காமல் விடுவதுதான் பெரிய முன்னேற்றம். ஈடாக, அல்னா எலும்பின் (முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு) உட்குழாய் சரியாகத் தெரியாது. அது வளைந்த எலும்பு, குழாயைக் குடையும் ரீமர் நேராகப் போனால் சுவரைத் துளைத்துவிடும்.

முதல் வேலை அல்னா நரம்பைக் கண்டுபிடித்து விடுவிப்பது. சிமென்ட் ஆன்டிபயாடிக் கலந்தது, மெல்லிய மூக்குள்ள சிமென்ட் கன் கருவியால், தளதளவென்று இருக்கும்போதே. மேற்கை ஸ்டெம்மின் முன்தகட்டுக்கும் எலும்புக்கும் நடுவே, எடுத்த துண்டிலிருந்தே ஒரு சீவல் எலும்பு வையுங்கள். ஸ்டெம் பின்னால் தள்ளாது, திரும்பாது.

பதில் 3:
தையலைக் கவனியுங்கள். முழங்கைப் பின்புறம் தோலுக்குக் கீழே நேரே எலும்பு, கிருமித்தொற்று இடுப்பு, முழங்காலை விட அதிகம். முதல் ஓரிரு நாள் கையை நீட்டி, ஸ்ப்ளின்ட்டை (அசையாமல் பிடிக்கும் தாங்கு கட்டை) முன்பக்கம் வைத்து, உயர்த்தி வைக்க வேண்டும். மடக்கினால் தோல் இழுபட்டு வெளுக்கும்.

வீட்டில் சொல்ல வேண்டியது: நாற்காலிக் கைப்பிடியை ஊன்றி எழக்கூடாது. கைத்தடி வேண்டுமானால் மற்ற கையில். எக்ஸ்ரேயில் கீலின் ஆட்டம் 10 டிகிரி தாண்டினால் கீலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (உறை வளையம்) தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஸ்டெம் அசையாத வரை புஷ் மட்டும் மாற்றினால் போதும். தள்ளிப்போட்டால் தேய்ந்த துகள் எலும்பை அரித்து ஸ்டெம்மையும் கழற்றிவிடும்.