ஷிராஸும் எனக்கு எட்டாத மிளகும்: ஒற்றைத் தோட்டத்து ஒயின் அனுபவங்கள்

ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் சொல்வது மிளகு வாசம். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் அப்போதுதான் இடித்த மிளகு போல வரும் என்பார்கள். எட்டு வருடமாக ஷிராஸ் குடிக்கிறேன், எனக்கு அது ஒரு தடவைகூட வந்ததில்லை. கறுத்த பழ வாசம் வரும், புகை வரும், சில சமயம் பழைய தோல் பை வாசம் வரும். மிளகு மட்டும் வராது. மற்றவர்கள் தலையாட்டும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். போன மாதம்தான் அதற்குக் காரணம் தெரிந்தது. அதைச் சொல்லித் தொடங்குகிறேன், உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

அன்றைக்கு நாங்கள் ஆறு பேர், இரண்டு பாட்டில். இரண்டையும் செய்தவர் ஒருவரே, வருடமும் ஒன்றே, ஊறவைத்ததும் ஒரே மாதிரி பிரெஞ்சு ஓக் பீப்பாய்தான். தோட்டம் மட்டும் வேறு. ஒன்று தென் ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கின் அடியில் இருப்பது. மற்றது அதை ஒட்டிய மேட்டு நிலமான ஈடன் வேலியில், கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கும் மேலே. கீழே வெயில் நன்றாகக் காய்கிறது. மேலே குளிர் அதிகம், பழம் பழுக்கக் கூடுதல் நாள் பிடிக்கிறது. ஒற்றைத் தோட்டத்து ஒயினை, அதாவது ஒரே தோட்டத்துப் பழத்தில் மட்டும் செய்த ஒயினைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தனியாக ஒரு பாட்டிலைத் திறந்தால் நல்ல ஒயின் என்று தெரியும், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்து ஒயினையும் கூடவே வைத்தால்தான் நிலம் பேசுவது காதில் விழும்.

பரோசா பாட்டில் ஊற்றிய உடனேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டது. விளிம்பு வரை கருஞ்சிவப்பு, கிளாஸின் சுவரில் மெதுவாக வழியும் தாரைகள், நன்றாகப் பழுத்த பழம், சாக்லேட், பின்னால் லேசாக வனிலா. இந்த மாதிரி ஒயின்களுக்குப் 'பிளாக்பெர்ரி' என்று எழுதுவார்கள். எனக்கு அது நாவல்பழம்தான். கறுப்பும் இனிப்பும், கடைசியில் நாக்கைப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பும் ஒரே பழத்தில் இருக்கின்றன. டானின் என்பதற்கு விளக்கம் கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அறுசுவையில் நாம் தனியாகப் பெயர் வைத்திருக்கும் துவர்ப்புதான் அது. நல்ல ஷிராஸில் அந்தத் துவர்ப்பு ஈறுகளை வறட்டாது, நாக்கின் இரு பக்கமும் மெல்லிய துணியால் தடவியது போல நின்று, மெதுவாக விலகும்.

ஈடன் வேலி பாட்டில் முதல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. ஏதோ இரும்பு வாசம், ஈரக் கல், அதற்கு மேல் ஒன்றுமில்லை. நான் அதை ஒதுக்கி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கிளாஸைக் கீழே வைக்காமல், "மிளகு, மிளகு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்து பேருக்கும் அது வந்தது. எனக்கு வரவில்லை. இந்த முறை தலையாட்டாமல், "எனக்குச் சுத்தமாக வரவில்லை" என்று வெளிப்படையாகச் சொன்னேன்.

அவர்களில் ஒருவர் ஒயின் வேதியியல் படித்தவர். அவர்தான் ரோட்டண்டோன் என்ற பொருளைப் பற்றிச் சொன்னார். ஷிராஸின் மிளகு வாசத்துக்குக் காரணம் அதுதான் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். மிளகிலும் அதே பொருள்தான் இருக்கிறதாம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால் அவர்கள் சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் அந்த வாசம் தெரியவே இல்லை. அப்படியானால் என் மூக்கிலோ கவனத்திலோ குறை எதுவும் இல்லை, அந்த ஒரு கதவு மட்டும் எனக்குத் திறக்காது. எட்டு வருடமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது அந்த நிமிடமே போய்விட்டது.

அப்புறம்தான் ஒதுக்கிவைத்த கிளாஸைத் திரும்ப எடுத்தேன். ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். இப்போது ஊதாப் பூ வாசம் ஒன்று மேலே வந்திருந்தது, கூடவே காய்ந்த மூலிகை. மிளகைத் தேடிக்கொண்டிருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை.

* * *

மிளகு வாசம் தெரியாததில் நானும் உங்கள் கட்சிதான் என்று நினைக்கிறேன், சோதித்துப் பார்க்க வேண்டும். என் அனுபவம் வேறு. நான் அந்தத் தோட்டங்களை நேரில் பார்த்தவள்.

பரோசாவில் ஒரு பழைய ஷிராஸ் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே விடுவதற்கு முன் செருப்பைக் குளோரின் கலந்த தண்ணீரில் நனைக்கச் சொன்னார்கள். எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. காரணம் ஃபில்லாக்செரா என்ற பூச்சி. வேரைத் தின்னும் பொடிப் பூச்சி, 1860களிலிருந்து ஐரோப்பாவின் தோட்டங்களைச் சூறையாடியது இதுதான். அங்கெல்லாம் பிறகு அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். தென் ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி இன்று வரை நுழையவில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டில் நட்ட கொடிகள் சில அங்கே தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. யார் செருப்பில் ஒட்டி எந்த மண் வருமோ என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கொடி என்றே சொல்ல முடியாது, மரம் போல இருந்தது. என் இடுப்பு உயரம்தான், அடிமரம் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி. ஒரு பக்கம் பட்டை பிளந்து உள்ளே பொந்து. கையை வைத்தேன், வெயிலில் சுட்டது. அந்தப் பொந்தின் மேலிருந்து இரண்டே இரண்டு கிளை, அதில் சின்னச் சின்னக் குலைகள். வயதான கொடி குறைவாகத்தான் காய்க்கும். பரோசாக்காரர்கள் கொடிகளின் வயதுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 35 வருடம் தாண்டினால் 'பழையது', 70 தாண்டினால் 'தப்பிப் பிழைத்தது', 100 தாண்டினால் 'நூற்றாண்டு கண்டது', 125 தாண்டினால் 'மூதாதை'. நான் தொட்டது மூதாதை. அன்று குடித்த அந்த அரைக் கிளாஸை நான் வேறெதனோடும் ஒப்பிடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில ஆஸ்திரேலிய ஷிராஸில் தைல வாசம் வரும், கவனித்திருக்கிறீர்களா? அது திராட்சையின் வாசம் இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் தைலமரங்கள் நின்றால் அவற்றின் எண்ணெய் பழத்தோலில் படிகிறது, அறுவடையின்போது இலைகளும் குலைகளோடு சேர்ந்துவிடுகின்றன. மரத்தை ஒட்டிய வரிசைகளில் அது அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். ஒற்றைத் தோட்டம் என்பதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது. வேலி ஓரத்து மரம் வரைக்கும் பாட்டிலுக்குள் வந்துவிடுகிறது.

* * *

ஒற்றைத் தோட்டம் என்றாலே உயர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஆஸ்திரேலிய ஷிராஸில் பெரும்புகழ் பெற்ற பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் கிரேஞ்ச், பல பகுதிகளின் பழங்களைக் கலந்து செய்வது. அங்கே ஒயின் செய்த மேக்ஸ் ஷூபர்ட் 1951இல் சோதனையாகத் தொடங்கியபோதும், இன்றும், ஒரு தோட்டத்தைக் காட்டுவது அதன் நோக்கம் இல்லை. ஒரு வருடம் ஓரிடத்தில் பழம் சரியில்லையென்றால் வேறிடத்துப் பழத்தை வைத்து ஈடுகட்டலாம். அந்தக் கலவைத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒற்றைத் தோட்டக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஈடன் வேலியில் ஹென்ஷ்கே குடும்பத்தின் 'ஹில் ஆஃப் கிரேஸ்' தோட்டம் இருக்கிறதே, சிரில் ஹென்ஷ்கே 1958 அறுவடையில்தான் அதை முதன்முதலில் தனி ஒயினாகச் செய்தார். அங்கே மிகப் பழைய கொடிகள் 1860ஐ ஒட்டி நட்டவை. எதிரே ஒரு பழைய லூத்தரன் தேவாலயம், அதன் ஜெர்மன் பெயரான க்னாடென்பெர்க்கைத்தான் ஆங்கிலமாக்கித் தோட்டத்துக்கு வைத்தார்கள். பழம் தேறாத வருடங்களில் அந்தப் பெயரில் பாட்டிலே வராது. 1974இல் வரவில்லை, 2000இலும் வரவில்லை. ஒரு வருட உழைப்பை விட்டுக்கொடுக்கிற அந்த மனசுக்காகவே ஒற்றைத் தோட்டத்து ஒயினை நான் வேறு விதமாகக் குடிக்கிறேன். கலவையில் குறை தெரிந்தால் செய்தவரைக் கேட்பேன். இதில் அந்த வருடம் மழை எப்போது பெய்தது, வெயில் எப்படி அடித்தது என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

* * *

எனக்கு நடந்தது கொஞ்சம் கசப்பானது, ஆனாலும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பத்தாவது திருமண நாளுக்கென்று ஒரு ஒற்றைத் தோட்டத்து ஷிராஸை ஏழு வருடம் பாதுகாத்து வைத்திருந்தோம். யார் செய்தது என்பது வேண்டாம், எந்தத் தோட்டத்துக்கும் நேரக் கூடியதுதான். கார்க்கை எடுத்தேன், ஊற்றினேன். பழ வாசமே இல்லை. நனைந்த அட்டைப் பெட்டியை மூடிய அறையில் வைத்த மாதிரி ஒரு வாசம். 'இதுதான் மண் வாசனை போலிருக்கிறது, நமக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லை' என்று நானும் கணவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு பாதி பாட்டிலைக் குடித்தோம். நேரம் ஆக ஆக அந்த அட்டை வாசம் குறையவில்லை, கூடியது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். டிசிஏ என்ற பொருள், பெரும்பாலும் கார்க் வழியாக வருவது. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசத்தை அடியோடு அமுக்கிவிடும். காற்றுப் பட்டால் சரியாகும் குறை அது இல்லை. ஆஸ்திரேலியாவில் மிக உயர்ந்த ஒயின்களுக்குக்கூடத் திருகு மூடி போடுவது ஏன் என்று அன்று புரிந்தது. முன்பெல்லாம் திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைப்பேன்.

மேலே முதலில் எழுதியவர் தனக்கு வராததை வெளிப்படையாகச் சொன்னதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்றிரவு எங்கள் இருவரில் ஒருவராவது "இது நன்றாக இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.

* * *

சின்ன விஷயம் ஒன்று. 'அறை வெப்பம்' என்று சொல்வதை நம்பி 28 டிகிரியில் ஷிராஸ் ஊற்றாதீர்கள். சாராய நெடிதான் முதலில் ஏறும், மற்றதெல்லாம் அதற்கு அடியில் போய்விடும். 16இலிருந்து 18 டிகிரிதான் சரி. நான் பாட்டிலை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பேன். பதினைந்து வருடம் தாண்டிய பாட்டிலாக இருந்தால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்துவிடுங்கள். வண்டல் அடியில் தங்கும், ஊற்றும்போது கழுத்தருகே கறுப்பாக வரும் இடத்தில் நிறுத்திவிடலாம்.

* * *

எல்லோருக்கும் நன்றி. கார்க் கதை எழுதிய சகோதரிக்கு: ஏழு வருடம் காத்திருந்து திறந்த பாட்டில், யாராக இருந்தாலும் நல்லதென்று நம்பத்தான் விரும்புவார்கள். அந்த இரவைப் பற்றி நீங்கள் இங்கே எழுதியதே பெரிய விஷயம்.

தோட்டம் பார்த்துவந்தவர் சொன்ன தைலமரத்தோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். அந்த வேதியியல் நண்பரிடம் மறுபடி பேசினேன். மிளகு வாசம் குளிர்ந்த இடங்களில், குளிர்ந்த வருடங்களில் கூடும் என்றார். அதைவிட என்னை வியக்க வைத்தது வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிராம்பியன்ஸ் பகுதியில் ஒரே ஷிராஸ் தோட்டத்துக்குள்ளேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். வெயில் குறைவாக விழும் சரிவில் ரோட்டண்டோன் அதிகம், வெயில் விழும் பக்கத்தில் குறைவு. ஒரு தோட்டத்துக்குள்ளேயே மிளகு இருக்கும் மூலையும் இல்லாத மூலையும் உண்டு.

அன்றைய ஈடன் வேலி பாட்டிலில் கால் பங்கு மிச்சம் இருந்தது. திருகு மூடியை இறுக்கிக் குளிரில் வைத்து, மறுநாள் மாலை மனைவிக்கும் எனக்கும் ஊற்றினேன். மிளகு என்ற வார்த்தையை நான் வாயே திறந்து சொல்லவில்லை. மோந்து பார்த்ததும் அவளே சொன்னாள். "எவ்வளவு?" என்று கேட்டேன். "ரசத்துக்குப் பொடிக்கும்போது வருமே, அதில் பாதி" என்றாள். நான் ஊதாப் பூவைச் சொன்னேன். அவள் திரும்ப மோந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாம், இருக்கிறது, மிளகுக்குப் பின்னால்" என்றாள். பிறகு கிளாஸை என் பக்கம் நகர்த்தி, அவளுக்கு வந்த இடத்தைக் காட்டினாள். விளிம்பின் மேல் ஓரத்தில், கிளாஸைச் சாய்த்த உடனே, இரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டுமாம். நான் மூன்று தடவை முயன்றேன், எனக்குப் பூதான் வந்தது.