பார்ட்டெ - தாடிக்கோடாலின்னு வச்சா என்ன?

ஐயா, பார்ட்டெங்கற ஜெர்மன் சொல்லுக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கறதுக்கு நீங்க சொன்ன 'அகலக்கோடாலி' கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல அலகோட அளவு மட்டும்தான் வருது, வடிவம் வரல. பார்ட்டெங்கறது ஜெர்மன் தச்சருங்க உருட்டு மரத்தைச் செதுக்கி சதுர உத்திரமாக்குற கோடாலி. காம்பு நுழையுற பக்கம் குறுகலா இருக்கும், வாய்ப்பக்கம் மட்டும் கீழ நீண்டு தொங்கும். அதனால இரும்பு கம்மியாப் போட்டே நீளமான வெட்டுவாய் கிடைக்குது, அந்தத் தொங்கலுக்குப் பின்னாடி இருக்குற இடுக்குல காம்பைப் பிடிச்சா கை வெட்டுவாய்க்கு நேர் பின்னாலயே வந்துடும், ஓங்காமலே மெல்லிசா சீவிக்கிட்டே போகலாம்.

அந்தத் தொங்கலைத்தான் அவங்க தாடியாப் பாத்திருக்காங்க. ஜெர்மன்ல பார்ட்னா தாடி, அதுலேருந்து வந்ததுதான் பார்ட்டெ, அதோட பழைய வடிவம் 'பார்ட்டா' (barta). பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நோர்ஸ்லயும் இதே கதைதான், அங்க தாடிக்கு ஸ்கெக், கோடாலிக்கு ஸ்கெக்யா! வேற வேர்ச்சொல், ஆனா அதே பார்வை. ஹங்கேரியன்ல 'பார்ட்'னு கடன் வாங்கி இன்னிக்கும் வெட்டுகத்திக்கு, கைக்கோடாலிக்குச் சொல்றாங்க. நீளக்காம்பு போர்க்கருவி ஹெல்லபார்டெயோட பின்பாதியும் இந்தச் சொல்தான்.

இந்தச் சொல் இருக்குற மாதிரி தெரியுற ஊர்ப்பேர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் நிதானமா இருக்கணும். வட ஜெர்மனில லூனபுர்க் பக்கத்துல பார்டோவீக்னு ஒரு ஊர், 805லயே பேரரசர் சார்லமேன் ஆணையில ஸ்லாவ் மக்களோட வியாபாரம் பண்ற இடம்னு வருது, 1189ல ஹென்றி தி லயன்ங்கற ஜெர்மன் பிரபு அதை அழிச்சுட்டான். 'வீக்' குடியிருப்பு, 'பார்டோ'வை லாங்கோபார்டுங்கற பழைய ஜெர்மானிய இனத்தோட சேத்துப் பாக்கறாங்க, இத்தாலியோட லோம்பார்டி இருக்கே, அதுவும் அவங்க பேர்தான். அந்தப் பேருக்கு நீளத்தாடிக்காரங்கன்னு அர்த்தம்னு 8ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பவுல் தியாகோனுஸ் எழுதி வச்சிருக்கார், பொண்ணுங்க கூந்தலை முகத்துல தாடியாட்டம் கட்டிக்கிட்டு நின்ன கதையோட. நீளக்கோடாலிக்காரங்கன்னு சொல்றவங்களும் உண்டு. எப்படிப் போனாலும் கடைசில தாடிக்குத்தான் வந்து சேருது, ஆனா ஊர்ப்பேருக்கு நேரா கோடாலின்னு பொருள் போட்டுடக்கூடாது.

பார்ட்டெக்கு 'வாச்சி'ன்னு வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார், அது சரிவராதுங்க. வாச்சியோட அலகு காம்புக்குக் குறுக்கா இருக்கும், இது காம்போட ஒரே வாட்டத்துல இருக்கும், செதுக்குற விதமே மாறிடும். அதனால பார்ட்டெக்குத் தாடிக்கோடாலி, ஊர்ப்பேரை ஒலிப்படியே பார்டோவீக்னு விட்டுடலாம், ஹெல்லபார்டெக்கு வேணா நெடுங்காம்புக் கோடாலின்னு வச்சுக்கலாமா, சொல்லுங்க.