சந்திரகாந்த் பண்டிட்டின் 6 ரஞ்சிக் கோப்பைகள்: பயிற்சியாளருக்கு எவ்வளவு பங்கு?

கீப்பர் ரசிகன்:
ஆட்டத்தை ஜெயிப்பது வீரர்கள்தான், பயிற்சியாளர் சும்மா பக்கத்தில் நிற்கிறார் என்பவர்கள் உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சியில் பயிற்சியாளராகப் பண்டிட்டின் கணக்கைப் பார்க்கட்டும். மும்பைக்கு 3 கோப்பை, விதர்பாவுக்கு அடுத்தடுத்து 2, மத்தியப் பிரதேசத்துக்கு 1. இந்தியாவுக்காக ஆடியது 5 டெஸ்ட், 36 ஒருநாள், அவ்வளவுதான்.

ரிவர்ஸ் ஸ்வீப்:
மும்பையின் மூன்றைக் கழித்துவிடுங்கள் சார். யார் பயிற்சி கொடுத்தாலும் கோப்பைக்குப் போட்டி போடுகிற அணி அது. 2003, 2004 இரண்டு இறுதிப் போட்டியிலும் அவர்களிடம் தோற்றது நம்ம தமிழ்நாடு, அதில் ஒன்று சேப்பாக்கத்திலேயே. விதர்பாவில் முன்னாள் இந்திய பேட்ஸ்மேன் வாசிம் ஜாபர் இருந்தார், வேகப்பந்து வீச்சாளர் குர்பானி டெல்லிக்கு எதிரான இறுதிப் போட்டியில் ஹாட்ரிக் எடுத்தார். பந்து போட்டவனுக்குப் பேர் கிடைக்க வேண்டாமா?

கீப்பர் ரசிகன்:
ஜாபர் விதர்பாவுக்கு வந்தது 2015-இல். கோப்பை வந்தது பண்டிட் பொறுப்பேற்ற 2017-18 சீசனில்! அதற்கு முன் விதர்பா ரஞ்சி இறுதிப் போட்டிக்கே போனதில்லை.

ஐந்தாம் நாள்:
இரண்டு பேரும் முக்கியமான ஆட்டத்தை விட்டுவிட்டீர்கள். 1999 இறுதிப் போட்டி, பெங்களூரு சின்னசாமி மைதானம், மத்தியப் பிரதேசத்தின் கேப்டன் பண்டிட். கர்நாடகாவை விட முதல் இன்னிங்ஸில் 75 ரன் கூடுதல், அந்த முன்னிலையால் டிரா செய்தாலே கோப்பை, ஆனால் கடைசி நாளில் விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்து தோற்றுப்போனார்கள். 23 வருஷம் கழித்து அதே மைதானம், அதே மாநிலம், இந்தத் தடவை பயிற்சியாளராக. எதிரே மும்பை, 374 எடுத்துவிட்டது. யஷ் துபே 133 ரன்னுக்கு 336 பந்து ஆடினார், சுபம் சர்மாவும் ரஜத் பட்டிதாரும் சதம், மொத்தம் 536. முன்னிலை வந்ததும் அவசரப்படாமல், இன்னும் இன்னும் என்று எதிரணியைக் களத்திலேயே நிற்க வைத்தார்கள் பாருங்கள், அது 1999-இல் அடிபட்ட ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம் என்றுதான் நான் நம்புகிறேன். ஜெயித்ததும் மனுஷன் அழுதுவிட்டார்.

ரிவர்ஸ் ஸ்வீப்:
அந்த வெற்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவருடைய கண்டிப்பு, பெரிய பேர் வாங்காத இளைஞர்களிடம்தான் எடுபடும். ஐபிஎல்லில் என்ன ஆச்சு? அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கொல்கத்தா 2023-இல் 7-ஆவது இடம், 2025-இல் 8-ஆவது, அதோடு பிரிந்துவிட்டார்கள். என்ன உடுத்துவது, எப்படி நடந்துகொள்வது என்றெல்லாம் சொல்வது வெளிநாட்டு வீரர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அந்த அணியில் ஆடிய டேவிட் வீஸாவே வெளிப்படையாகப் பேசினார்.

கீப்பர் ரசிகன்:
நடுவில் 2024-ஐ லாவகமாகத் தாண்டிவிட்டீர்களே. அந்த வருஷம் கொல்கத்தா ஐபிஎல் கோப்பையை ஜெயித்தபோது தலைமைப் பயிற்சியாளர் யார்?

ரிவர்ஸ் ஸ்வீப்:
அவர்தான். ஆனால் ஆலோசகராக கம்பீர் வந்த வருஷம் ஜெயித்தார்கள், அவர் போனதும் சரிந்தார்கள். ஜாபர் வந்த வருஷத்தையும் கோப்பை வந்த வருஷத்தையும் வைத்து நீங்கள் போட்ட அதே கணக்குதான் இது.

ஐந்தாம் நாள்:
இரண்டு மாத ஐபிஎல்லையும் ரஞ்சியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் தம்பி. ஐபிஎல்லில் ஏலத்தில் எடுத்த ஆட்களை வைத்துச் சமாளிக்கிறோம். ரஞ்சியில் சீசனுக்கு முன்பே முகாம் போட்டு, ஒரு பையனை நாலு நாள் நின்று ஆடப் பழக்க வேண்டும். 1988-க்குப் பிறகு ரஞ்சிக் கோப்பையைத் தொடாத நம்ம தமிழ்நாட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால், கண்டிப்பு அதிகம் என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.