ரைடு குழுவின் ‘நோவேர்’: முதன்முதலில் கேட்ட அனுபவங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து:

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ரைடு என்ற நால்வர் ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பமான ‘நோவேர்’, 1990 அக்டோபரில் கிரியேஷன் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. என் கைக்கு அது கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அலுவலக நண்பர் கொடுத்த சிடியைப் போனில் ஏற்றிக்கொண்டு, எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ் சில்க் போர்டு நெரிசலில் நின்றுகிடந்த ஒரு காலையில் கேட்கத் தொடங்கினேன். இயர்போன் பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். இயர்போன் பின்னில் இரு பக்கத்துக்கும் பொதுவான கம்பி விட்டுப்போனால், இடம் வலம் இரண்டிலும் சமமாகப் பதிவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பெரும்பாலான பாட்டுகளில் குரல்தான் அப்படி நடுவில் பதிவாகியிருக்கும் என்பதால், வாத்தியங்கள் கேட்கும், பாடுபவர் மட்டும் கிணற்றுக்குள் போய்விடுவார். அன்று மாலையே எஸ்.பி. ரோட்டில் புது இயர்போன் வாங்கி மாட்டி, முதல் பாட்டான ‘சீகல்’லை மறுபடி ஓடவிட்டேன். குரல் அதே கிணற்றுக்குள்தான் இருந்தது.

பாட்டு என்றால் முதலில் வரிகள், அப்புறம் குரல், மற்றதெல்லாம் பிறகு என்று கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டு ரேடியோவில் ஒரு பாட்டு வந்தால், எழுதியவர் யார் என்று அப்பா சொல்லாமல் விட்டதில்லை. மார்க் கார்டனரும் ஆண்டி பெல்லும் அவ்வளவு அழகாக இணைந்து பாடிவிட்டு, அதைக் கிட்டார் இரைச்சலுக்கு அடியில் ஏன் புதைத்தார்கள் என்பது பல நாள் உறுத்தியது. வரிகளைப் பிடிக்க வால்யூமை ஏற்றினால் கிட்டாரும் கூடவே ஏறியது. வரிகளை விட்டுவிட்டு லாஸ் கோல்பர்ட்டின் டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்த ஒரு வாரத்தில்தான், அந்தக் குரல்கள் இன்னும் இரண்டு தந்திகளைப் போல உள்ளே ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

கம்மனஹள்ளியிலிருந்து:

அல்சூர் நண்பர் பட்ட பாட்டை மேடையில் நானும் பட்டிருக்கிறேன். ரைடு போல, மேடையில் ரசிகர்களைப் பார்க்காமல், கிட்டார் ஒலியை மாற்றக் காலடியில் வைத்த பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டு வாசித்தவர்களுக்குப் பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர்தான் ஷூகேஸ் (shoegaze). நாங்கள் நால்வர் இந்த ஆல்பத்தின் ‘வேப்பர் டிரெயில்’ பாட்டை இரண்டு மாதம் பயிற்சி செய்தோம். நான்கே கார்டுகள்தான் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) கடைசிவரை சுழன்று சுழன்று வருகின்றன. ஆனால் அந்த மினுமினுப்பு பன்னிரண்டு தந்திக் கிட்டாரால் வருவது, என் ஆறு தந்திக் கிட்டாரில் எத்தனை பெடல் மிதித்தும் வரவில்லை. வாசித்த இடத்தில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் கருவியைக் கவனித்தவர், குரல் கேட்கவில்லை என்று ஒவ்வொரு வரிக்கும் என் மைக்கை ஏற்றிக்கொண்டே போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினால், இன்னும் ஏற்றச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். பாட்டு முடிந்தபோது என் குரல் மட்டும் வெளியே தனியாக நின்றது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:

என் தாய்மாமா நாகஸ்வரக் கலைஞர். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு ஒத்து ஊதியிருக்கிறேன். கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, ஒரே சுரத்தை அறுபடாமல் நிறுத்த வேண்டும். ஆமாம் போடுபவரை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று இளப்பமாகச் சொல்வது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, ஏனென்றால் மாமா மூச்சு வாங்கும் இடைவெளியில் சபையைத் தாங்கி நின்றது அந்த ஒற்றைச் சுரம்தான். மகள் இந்த ஆல்பத்தைப் போட்டபோது எனக்குக் குரலைத் தேடத் தோன்றவில்லை. இரைச்சலுக்குள் ஒரு சுருதி நிற்கிறதா என்று பார்த்தேன், நின்றது.

அல்சூர் நண்பருக்கு ஒன்று. சிடியில் பதினொரு பாட்டுகள் உண்டு, முதலில் வந்த இசைத்தட்டில் எட்டுதான். அந்த எட்டாவது ‘வேப்பர் டிரெயில்’. அதன் முடிவில் வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள் மேலே வந்து, பாட்டை இறக்கிவைத்துவிட்டு ஓய்கின்றன. ஒருமுறை அதோடு நிறுத்திக் கேளுங்கள்.