ஹட்டனில் ஹொரிசொண்டல் மெஷினா? 90களின் ஜப்பான் மெஷின் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

ஹட்டன்_பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு பழைய மில்லிங், நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கின வெர்ட்டிகல் சிஎன்சி (டூலைச் சுழற்றும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், நிமிர்ந்து நிற்கிற கொம்பியூட்டர் மெஷின்) ஒன்று. வேலையில் முக்கால்வாசி தேயிலை ஃபெக்டரி வேலைதான். ரோலர் கியர்பொக்ஸ், பெயாரிங் ஹவுசிங், ட்ரையர் ஸ்ப்ரொக்கெட், இப்படி.

தலைவலி கியர்பொக்ஸ் கூடுதான். வோர்ம் (திருகு மாதிரிப் பல் உள்ள தண்டு) போகிற துளை ஒரு பக்கம், அதற்குக் குறுக்கே வீல் ஷாஃப்ட் துளை, மேலே மூடி உட்காரும் முகம், கீழே அடி. ஒவ்வொரு முகத்துக்கும் கழற்றி, புரட்டி, டயல் வைத்து நேர் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். போன கிழமை ஒரு கூட்டுக்கு நேரம் பார்த்தேன். காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணி வரைக்கும் ஸ்பிண்டில் இரும்பைத் தொட்டது 2 மணித்தியாலம்கூட இல்லை. மீதி நேரம் நானும் தம்பியும் கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம்.

கொழும்பில் ஒரு ப்ரோக்கர் 90களின் நடுவில் செய்த ஜப்பான் ஹொரிசொண்டல் (ஸ்பிண்டில் படுத்திருக்கும் சிஎன்சி) ஒன்றைக் காட்டுகிறார். 500 மி.மீ. பெலட் (சாமானைக் கட்டும் மேசைத் தட்டு), இரண்டு பெலட் இருக்கிறது, டூலைப் பிடிக்கும் கூம்பு பிடி50 டேப்பர். புதுசு வாங்குகிற வசதி நமக்கு இல்லை. இந்த முப்பது வருஷத்தில் அப்படி என்ன மாறிவிட்டது, பழசை வாங்கினால் எதை இழக்கிறேன்? அதோடு நம்ம ஊர்க் கரண்டுக்கும் குளிருக்கும் இது தாங்குமா?

தலவாக்கலை_டு_சாங்வொன்:

அண்ணே, நான் தலவாக்கலைப் பக்கம். கொரியாவில் சாங்வொனில் ஆறாவது வருஷம், ஹொரிசொண்டல் லைனில்தான் வேலை. அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பாசம் உண்டு, அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

படுத்த ஸ்பிண்டில் புதுசு இல்லை. டூலைத் தானே மாற்றிக்கொள்ளும் மெஷின்களில் முன்னோடி மில்வோக்கி-மெட்டிக் 2. அமெரிக்காவில் கியர்னி அன்ட் ட்ரெக்கர் 1958இல் கொண்டுவந்தது. அதுவே ஹொரிசொண்டல்தான். அதற்குப் பிறகு வந்த மாற்றம் எல்லாம் எதற்கு என்று பார்த்தால், நீங்கள் கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த நேரத்தை மெஷினுக்கு வெளியே தள்ளத்தான். டூல் மாற்றுவதை முதலில் மனுஷன் கையில் இருந்து எடுத்தார்கள். அப்புறம் பெலட் சேஞ்சர் வந்தது. ஒரு பெலட்டில் ஸ்பிண்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வெளியே நின்று மற்றதில் அடுத்த சாமானைக் கட்டலாம். அதுக்கும் மேலே போய் ராத்திரியில் ஆளே இல்லாமல் ஓட வேண்டும் என்று இங்கிலாந்தில் மோலின்ஸ் கம்பனியில் தியோ வில்லியம்சன் 1960களிலேயே சிஸ்டம் 24 என்று ஒன்றைப் போட்டார். மோலின்ஸ் சிகரெட் மெஷின் செய்கிற கம்பனி என்பது எனக்கு எப்போதும் சிரிப்பு. 24 என்றால் 24 மணித்தியாலம். யோசனை சரி, அன்றைய கொம்பியூட்டருக்கு அது பெரிய சுமை.

90களுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வேகத்திலும் வெப்பத்திலும்தான். பழைய பொக்ஸ் வே (இரும்பின் மேல் இரும்பு சறுக்கும் தண்டவாளம்) மெஷின் வெட்டாமல் நகரும்போது நிமிஷத்துக்கு 20, 24 மீட்டர் போகும். இப்போது லீனியர் கைடில் (உருளும் தண்டவாளத்தில்) 60 மீட்டர் சாதாரணம், ஜப்பானின் மக்கினோ ஏ51 அப்படித்தான். ஸ்பிண்டிலும் நிமிஷத்துக்கு 14,000 சுற்று வரை போகிறது. அந்த வேகத்தில் பிடி டேப்பருக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. ஸ்பிண்டில் வாய் சுழற்சியில் விரிய, டூல் உள்ளே இழுபட்டுப்போகும், ஆழம் மாறும். எச்எஸ்கே என்கிற புது வகை டேப்பர் கூம்பிலும் முகத்திலும் சேர்ந்து உட்காருவதால் அந்த வம்பு இல்லை.

ஆனால் அண்ணே, உங்களுக்கு இதெல்லாம் எதற்கு? வார்ப்பிரும்புக் கூட்டில் 80 மி.மீ. துளையை யாரும் 14,000இல் ஓட்டப்போவதில்லை. உங்கள் வேலைக்குப் பொக்ஸ் வேயும் பிடி50யும் நல்ல சோடி, அதிராமல் வெட்டும். கூட்டை அடி கீழே இருக்கப் பெலட்டில் நிறுத்திக் கட்டினால் மேசை சுற்றிச் சுற்றி நாலு பக்கத்தையும் காட்டும். அடியையும் மூடி உட்காரும் முகத்தையும் முதலில் வெர்ட்டிகலில் எடுத்துக்கொள்ளுங்கள், துளைகள் எல்லாம் ஒரே கட்டில் முடியும். வெட்டின தூளும் தானாகக் கீழே விழும். வெர்ட்டிகலில் துளைக்குள் தேங்கி நின்று டூலையே தின்னும், பார்த்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் வாங்குங்கள்.

கண்டி_டர்னர்:

தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் சாங்வொனில் கரண்ட் போவதில்லை.

எனக்கு வயது அறுபது. கண்டிப் பக்கம் ஒரு இடத்தில் பழைய ஹொரிசொண்டல் ஒன்றை ஒன்பது வருஷம் ஓட்டினேன். வெர்ட்டிகலில் ஸ்பிண்டில் தலை ஏறி இறங்குவது இசட் (Z) அச்சு, இதில் வை (Y) அச்சு. அந்தத் தலை சும்மா நிற்பதில்லை, கரண்ட் போனால் ப்ரேக்தான் பிடிக்க வேண்டும். ஒருநாள் பின்னேரம் மழையோடு கரண்ட் போனது. துளையை அளவுக்கு வெட்டும் போரிங் பார் துளைக்குள், கடைசி வெட்டு. ப்ரேக் தேய்ந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. டக் என்று ஒரு சத்தம். லைட் வந்த பிறகு பார்த்தால் தலை கால் மில்லிமீட்டர் இறங்கி, துளையின் கீழ்ப்பக்கத்தில் நகத்தால் கீறின மாதிரி நீளமாய் ஒரு கோடு. மூன்று நாள் வேலை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

இன்னொன்று, பெட்டரி. ஃபனுக் கொன்ட்ரோலில் (மெஷினின் கொம்பியூட்டரில்) பெராமீட்டர், அதாவது மெஷினின் அமைப்பு எண்கள் எல்லாம் பெட்டரியில்தான் உயிரோடு இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் மெஷினை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தோம். திரும்பப் போட்டபோது திரையில் குப்பை. பெராமீட்டர் கடதாசி கதவுக்குள் ஒட்டியிருந்தபடியால் பிழைத்தோம், இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தட்டினோம். வாங்கினவுடனேயே பெராமீட்டரை வெளியே எடுத்து வையுங்கள், பெட்டரியை மெஷின் ஓனில் இருக்கும்போது மாற்றுங்கள். ஜப்பான் மெஷின் என்றால் 200 வோல்ட், நம்முடையது 400. ட்ரான்ஸ்ஃபோமர் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி, உங்கள் பட்டறைத் தரை எப்படி? மலையை வெட்டி, வெட்டின மண்ணையே முன்னால் கொட்டி நிரப்பின இடமா?

ஹட்டன்_பட்டறை:

ஐயா, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பின்பாதி கல்லில் நிற்கிறது, முன்பாதி நிரப்பின மண். வெர்ட்டிகலே மழைக் காலம் முடிந்தால் லெவல் தப்புகிறது. இது பத்து டன்னுக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் லொறி ஏறுமா என்று மட்டும்தான் இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்டி_டர்னர்:

லொறி ஏறும், அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பின்பாதியிலேயே முழு மெஷினையும் நிறுத்துங்கள், லேத் இரண்டும் முன்னால் வரட்டும். இடம் போதாது என்றால் வாங்காதீர்கள், அவ்வளவுதான். இப்போது வருகிற சின்ன ஹொரிசொண்டல்கள் பல மூன்று காலில் நிற்கின்றன, தனி அத்திவாரம் கேட்பதில்லை. புதுசின் வேகத்தைவிட அந்த மூன்று கால்தான் நம்ம மலைக்குப் பெரிய முன்னேற்றம் என்பேன். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது இல்லையா. பழைய நீளமான பெட் ஏழெட்டு இடத்தில் தாங்கி நிற்கும், ஒரு இடம் இறங்கினால் முறுக்கும்.

சுழல்மையம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெப்பத்தைப் பற்றித் தம்பி தொடங்கிவிட்டு விட்டுவிட்டார், எனக்கு அதுதான் முக்கியம்.

இரும்பு 1 மீட்டருக்கு 1 டிகிரி சூட்டில் 11, 12 மைக்ரோன் நீளும். ஹட்டனில் விடியற்காலை பல் கிட்டும், 11 மணிக்கு ஸ்வெட்டரைக் கழற்றுவோம். மெஷினும் சாமானும் சேர்ந்து சூடானால் பெரிய பாதகம் இல்லை, இரண்டுமே வார்ப்பிரும்பு. சிக்கல் மேசையையும் தலையையும் நகர்த்தும் போல்ஸ்க்ரூ என்கிற திருகுத் தண்டில். ஓட ஓட அது தனியாகச் சூடாகும். 5 டிகிரி ஏறினால் ஒரு மீட்டரில் 55 மைக்ரோனுக்கு மேல். 80 மி.மீ. துளைக்கு எச்7 என்கிற அளவுத் தரத்தில் மொத்தச் சலுகையே 30 மைக்ரோன். துளை அளவு அதனால் கெடாது, துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் கெடும், வோர்ம் வீலுக்கு அதுதான் உயிர். புது மெஷின்களில் ஸ்க்ரூவுக்கு உள்ளேயே குளிர் எண்ணெய் ஓட்டுகிறார்கள், இல்லாவிட்டால் கண்ணாடி ஸ்கேல் வைத்து மேசையின் இடத்தை நேரடியாக அளக்கிறார்கள். நீங்கள் பார்க்கிற மெஷினில் ஸ்கேல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் காலையில் அரை மணித்தியாலம் சும்மா ஓட்டிவிட்டுத்தான் கடைசி வெட்டு.

அப்புறம் மேசை சுழலும் மையம். எதிரெதிர்த் துளைகளை 180 டிகிரி திருப்பித்தானே வெட்டுவீர்கள்? மையம் 0.01 பிசகினால் துளைகள் ஒன்றுக்கொன்று 0.02 விலகும். ஸ்பிண்டிலில் டெஸ்ட் பார் (துல்லியமாகத் தீட்டின சோதனைத் தண்டு) மாட்டி, மேசையில் டயலை நிறுத்தி, பாரின் ஒரு பக்கத்தைத் தொட்டு டயல் எண்ணையும் எக்ஸ் (X) அச்சின் இடத்தையும் குறியுங்கள். மேசையை 180 திருப்பி மற்றப் பக்கத்தைத் தொட்டு அதே எண் வரும்வரை எக்ஸை நகர்த்துங்கள். எக்ஸின் முதல் இடத்துக்கும் இந்த இடத்துக்கும் சரி நடுதான் மையம். இதை மூன்று நாலு தடவை செய்து பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடம் வந்தால் மேசைப் பல் தேய்ந்திருக்கிறது, ப்ரோக்கர் எவ்வளவு இறக்கினாலும் விட்டுவிட்டு வாருங்கள்.

ஹட்டன்_பட்டறை:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன், லேத் இரண்டையும் முன்னால் இழுத்தால் பின்பாதியில் இடம் மட்டுமட்டாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்குப் போய் மெஷினைக் கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்க்கப்போகிறேன். தலையைப் பாதியில் நிறுத்தி, டயல் வைத்து, கரண்டை அறுக்கச் சொல்வேன், ப்ரோக்கர் என்ன சொன்னாலும் சரி. 50 டேப்பர் டெஸ்ட் பார் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

கண்டி_டர்னர்:

கம்பளையில் என் மருமகன் பட்டறையில் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் கொடுத்தனுப்பமாட்டேன், விழுந்து வளைந்தால் பிறகு அது வெறும் உலக்கை. சனிக்கிழமை நேரில் வந்து எடுங்கள், பெட்டியோடு.