திறந்த உரிமப் பாடநூலைத் தமிழாக்கி அச்சிடலாமா?

கேள்வி:
வணக்கம். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் அமைப்பின் பல்கலைக்கழக இயற்பியல் நூலின் வெப்பவியல் இயல்களைத் தமிழாக்கி, எம்ஐடி பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடத் தளமான ஓப்பன்கோர்ஸ்வேரின் சில கணக்குகளையும் சேர்த்து, அச்சுச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு மாணவர்களுக்கு வழங்க எண்ணுகிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை என்பதால் தனி அனுமதி தேவையில்லை என்று கொள்ளலாமா?

மறுமொழி 1:
இலவசமாகக் கிடைப்பதை வைத்து முடிவெடுக்காமல், ஒவ்வொன்றின் உரிமத்தையும் பாருங்கள், ஐயா. அந்த இயற்பியல் நூல் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) அமைப்பின் பொது உரிமங்களில் ஒன்றான சிசி பிஒய் 4.0 உரிமத்தில் இருப்பதால், மொழிபெயர்க்க மட்டுமல்ல, விற்கவும் தடையில்லை; நூற்பெயர், ஆசிரியர்கள், மூல இணைப்பு, உரிமம், நீங்கள் செய்த மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் அதே ஓப்பன்ஸ்டாக்ஸின் நுண்கணித நூல் வணிகப் பயன்பாட்டை விலக்கும் உரிமத்தில் வந்திருக்கிறது.

மறுமொழி 2:
சிக்கல் எம்ஐடி கணக்குகளில்தான். 2001இல் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின் பாடங்கள் சிசி பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் உள்ளவை. அதன்படி லாபம் ஈட்டக் கூடாது, மாற்றி எழுதினால் அதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பாடத்தோடு கலந்து எழுதினால் தொகுப்பு முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும் என்பதால், கணக்குகளைத் தனிப் பிற்சேர்க்கையாக்கி அதன் முதல் பக்கத்திலேயே உரிமத்தை அச்சிடுவது நல்லது. பிறரிடம் அனுமதி பெற்று எம்ஐடி சேர்த்த படங்களுக்கு இவ்வுரிமம் பொருந்தாது; பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பிற்சேர்க்கையைப் பிரித்துவிடுகிறேன், படங்களை நானே வரைந்துகொள்கிறேன்.