சிரிக்கும் தின்பண்டத் தொங்கல்கள்: சேகரிப்பவர்களின் அனுபவங்கள்

முதல் பகிர்வு

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களில், முகம் வரைந்த உணவு வடிவங்களை மட்டும் தேடிச் சேர்த்து வருகிறேன். கன்னம் சிவந்த டோஸ்ட், கண் சிமிட்டும் கப்கேக், கொட்டையையே தொப்பையாக்கிக்கொண்டு சிரிக்கும் அவகாடோ என்று இந்தக் கூட்டம் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டே போகிறது. தொடக்கத்தில் இதுவரை என்னிடம் இல்லாத உணவாக இருந்தாலே போதும் என்று வாங்கினேன். இப்போது உணவு எதுவாக இருந்தாலும் முகம் சரியாக அமைந்திருந்தால்தான் வாங்குகிறேன்.

ஒரே அச்சில் வார்த்த, ஒரே வண்ணம் பூசிய டோனட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான், கண்களைக் கையால் வரைந்திருப்பதால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பது புலப்பட்டது. கண்கள் தாழ்வாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் அமைந்து, அவற்றுக்கு நடுவே ஏறக்குறைய அதே மட்டத்தில் சிறு வளைவாக வாய் இருந்த டோனட், பார்த்தவுடனே கையில் ஒட்டிக்கொண்டது. கண்கள் சற்று மேலேறிவிட்ட டோனட்டோ, அதே புன்னகையை வைத்துக்கொண்டும், வட்டி கேட்டு வந்தவரைப் போல் நின்றது. இதற்கு விளக்கம் இல்லாமல் இல்லை. பெரிய நெற்றி, தாழ்ந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம் ஆகிய குழந்தை முக அமைப்பைக் கண்டால் நமக்குள் பரிவு தூண்டப்படுகிறது என்று விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இல் எழுதினார். கொஞ்சத் தூண்டும் அழகை நாடும் ஜப்பானிய 'கவாய்' பாணிப் பொம்மைகள் இந்த அமைப்பை மிகக் குறைந்த கோடுகளில் சுருக்கிக்கொண்டன. இன்று விற்பனைக்கு வரும் சிரிக்கும் உணவுகளில் பெரும்பாலானவை அந்தப் பாணியின் பிள்ளைகளே.

பழைய கண்ணாடித் தொங்கல்களில் நிலைமை வேறு. ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் உள்ள லௌஷா ஊரார் 1840களிலிருந்து மரத்துக்கான கண்ணாடி உருண்டைகளை ஊதிச் செய்தார்கள். பிறகு பழங்கள், கொட்டைகள், காய்கறிகள் என்று வடிவங்கள் பெருகின. அந்த மரபில் வந்த முகமுள்ள காரட் ஒன்றை ஒரு பழம்பொருள் விற்பனையில் கையில் எடுத்துப் பார்த்தேன். சூடேற்றிய கண்ணாடிக் குழாயை இரு பாதி அச்சுக்குள் வைத்து ஊதுவதால் மூக்கும் புருவமும் கன்னமும் கண்ணாடியிலேயே புடைத்து நின்றன. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு காதோரமாக மெல்லிய தழும்பாக ஓடியது. வரைந்த முகமாக இல்லாமல் வார்த்த முகமாக இருந்ததால், அதன் சிரிப்பில் குழந்தைத்தனம் சிறிதும் இல்லை. ஏதோ ஒரு குறும்பைச் செய்து முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும் கிழவரின் சிரிப்பு அது. வீட்டுக்கு வந்த சிறுவர்கள் டோனட்டைக் கொஞ்சுகிறார்கள், காரட்டைக் கண்டு ஓரடி பின்வாங்குகிறார்கள். என்னைக் கேட்டால், காரட்தான் மேலானது என்பேன்.

இரண்டாம் பகிர்வு

எனக்கு வாய்த்தது வெள்ளரி. ஊறுகாய் வெள்ளரி வடிவப் பச்சைக் கண்ணாடித் தொங்கலை மரக்கிளைகளுக்குள் ஒளித்துவைப்பதும், அதை முதலில் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு ஒரு பரிசு கூடுதலாகத் தருவதும் அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். அது பழைய ஜெர்மானிய மரபு என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி, ஜெர்மனியில் வளர்ந்த ஒரு நண்பருக்கு அப்படியொரு வெள்ளரியைப் பரிசளித்தபோது, இதை எதற்கு மரத்தில் தொங்கவிட வேண்டும் என்று அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டார். 2016இல் யூகோவ் நிறுவனம் ஜெர்மானியரிடையே நடத்திய கருத்துக்கணிப்பில் 91 விழுக்காட்டினர் இந்த வழக்கத்தை அறிந்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகு, அவருடைய வியப்பு எனக்கு வியப்பாக இல்லை. கண்ணாடி வெள்ளரிகள் ஜெர்மனியிலிருந்து வந்தது உண்மை. 1880களில் வுல்வொர்த் கடைகள் ஜெர்மானியக் கண்ணாடி அலங்காரங்களை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியதும் உண்மை. அவற்றுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட கதைதான் விற்பனைக்காகப் பிறந்தது போலத் தோன்றுகிறது.

சிரிக்கும் வெள்ளரிகளைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். முகமில்லாத வெள்ளரி பச்சைக் கிளைக்குள் பச்சையாக மறைந்து நிற்கும். பெரியவர்கள்கூடத் தேடித் தவிப்பார்கள். வெள்ளை விழிகளும் சிவந்த வாயும் வரைந்த வெள்ளரியோ, எங்கே ஒளித்தாலும் தானே காட்டிக்கொடுத்துவிடும். விளையாட்டுக்கு முகமில்லாததையும் அலமாரிக்கு முகமுள்ளதையும் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

மூன்றாம் பகிர்வு

அழகைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். பெட்டியைத் திறக்கும்போது நேர்வதையும் எழுத வேண்டும். அழுத்தினால் உள்வாங்கி மெல்ல மேலெழும் நுரைப் பொம்மைகளான ஸ்குவிஷிகளில் சிரிக்கும் உணவுகள் ஏராளம். அவை பாலியூரித்தேன் நுரையால் ஆனவை. காற்றின் ஈரம் அந்த நுரையை மெதுவாகச் சிதைப்பதால், சில ஆண்டுகளில் மேல்தோல் பிசுபிசுத்து வெடிப்பு விடும். என்னிடமிருந்த ரொட்டித் துண்டு ஒன்றில், புன்னகையின் நடுவே ஒரு பிளவு ஓடி, உதடு தொங்கிப்போயிற்று. மென்மையான வினைல் பொம்மைகளின் கதை இன்னும் வேடிக்கையானது: வினைலை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து தெர்மகோலை இளக்கிவிடும். கடையில் வந்த தெர்மகோல் குழியிலேயே விட்டுவைத்திருந்த ஐஸ்கிரீமைப் பெயர்த்தெடுத்தபோது, அதன் முகத்தின் அச்சு குழிக்குள் தெளிவாகப் பதிந்திருந்தது. அமிலமற்ற டிஷ்யூ காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உப்பு கலந்த மாவைப் பிசைந்து, அடுப்பில் காயவைத்துச் செய்யும் ஜிஞ்சர்பிரெட் மனிதர்களுக்குப் பகை ஈரமும் பூச்சியும் எலியும். வார்னிஷ் பூசினால் ஈரம் தாமதமாகும், அவ்வளவே. இவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

முதல் பகிர்வில் சொல்லப்பட்ட காரட்டைப் போன்ற பழைய கண்ணாடித் தொங்கலை வைத்திருப்பவர்கள் அதை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். உட்புறத்தில் வெள்ளிப்பூச்சும் வெளிப்புறத்தில் தண்ணீர் பட்டால் கரையக்கூடிய வண்ணமும் இருப்பதால், ஒரே துடைப்பில் கண்ணும் வாயும் துணியோடு வந்துவிடும். உலர்ந்த மென்தூரிகை போதும். தூக்கும்போதும் தலையிலுள்ள உலோக மூடியைப் பிடிக்கக் கூடாது. அந்த மூடியைத் தாங்குவது உள்ளே விரிந்து நிற்கும் கம்பி மட்டுமே. பழையவற்றில் அது தளர்ந்திருக்கும்.

நான்காம் பகிர்வு

மரத்துக்கு வெளியே ஒரு சொல். முகமுள்ள காய்கறி வடிவ உப்பு, மிளகுக் குப்பிகளையும் இதே ஆர்வத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. நான் அந்த வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் இவற்றைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. 1952இல் நேச நாடுகளின் ஆதிக்கம் முடியும் வரை வந்த பலவற்றின் அடியில், ஆதிக்கத்துக்கு உட்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது என்று பொருள்படும் ஆங்கில முத்திரை இருக்கும். முத்திரை இல்லாதவையும் அக்காலத்தில் வந்தன என்பதால் அது இல்லாமையை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்க முடியாது. முத்திரை பீங்கானின் கண்ணாடி மெருகுக்கு அடியில் இருக்கிறதா, மேலே பின்னாளில் குத்தப்பட்டதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். பின்னாளில் மேலே குத்திய மை சுரண்டினால் வந்துவிடக்கூடும்.

சிரிப்பு கட்டாயமா என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் 2013இல் வெளியிட்ட குடேதாமா என்ற முட்டை மஞ்சள்கருப் பாத்திரம், சிரிக்கவே மனமின்றிச் சோர்ந்து படுத்திருக்கும். விதிப்படி அதற்கு என் அலமாரியில் இடமில்லை. ஆயினும் சிரிக்கும் தக்காளிக்கும் சிரிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறேன், பார்க்க வருபவர்கள் முதலில் கையை நீட்டுவதும் அதை நோக்கித்தான்.